நகத்தால கீறிப் பாரு, தம்பி

புது சோபா வந்திருக்காமே தம்பி, தெருவே பேசிக்குது. வெயில்ல போடலாம், மழையில போடலாம், ஓஸ் பைப்பை வச்சிக் கழுவலாம், பத்து வருசத்துக்கு ஒண்ணும் ஆவாதுன்னு கடைக்காரன் சீட்டு குடுத்திருக்கானாம். அதே சீட்டுல மேலாக்க "இயற்கை ரட்டான்"னும் போட்டிருக்கானாம். ரட்டான்னா நம்ம பிரம்பு. ரெண்டு வரியையும் சேத்துப் படிச்சியா? பத்து வருசம் வெயில்லயும் மழையிலயும் கெடந்து ஒண்ணும் ஆவாத இயற்கைப் பொருள் எது, சொல்லு பாப்போம். கருங்கல்லு. வேற?

கோச்சுக்காத. வா, அந்தச் சோபாகிட்டயே போவோம். நகத்தால கீறிப் பாரு. தோ, இங்க. என்ன தெரியுது? ஒரே அகலம், ஒரே தடிமன், ஒரே நெறம். இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் கணு ஒண்ணு கெடையாது. இது பாலித்தீன் தம்பி. காலையில நீ வாசல்லேர்ந்து எடுத்துக்கினு வர்ற பால் பாக்கெட்டும் இதே வம்சந்தான். மெஷின்ல நாடாவாப் பிழிஞ்சு, பழுப்புச் சாயம் கலந்து, இரும்புக் குழாய்லயோ அலுமினியக் குழாய்லயோ சுத்திப் பின்னியிருக்கான். பின்னுனவன் கை நல்ல கைதான். அதுல குத்தம் சொல்ல மாட்டேன்.

பிளாஸ்டிக்கையும் நான் குத்தம் சொல்லல. தேவனாம்பட்டினத்துல கடலைப் பாக்க வூடு கட்டுனவன், உப்புக்காத்துல மொட்டை மாடியில போடுறதுக்கு இதைத்தான் வாங்கணும். அங்க பிரம்பைக் கொண்டுபோய்ப் போட்டா ரெண்டு ஐப்பசி தாங்காது. பிளாஸ்டிக்குன்னு சொல்லிக் குடுத்தா, பிளாஸ்டிக்குன்னு வாங்கு. யாரு வேணாங்கறா? காட்டுலேர்ந்து வந்ததுன்னு நெனச்சிக்கினு மூணு மடங்கு துட்டைக் கட்டுனியே, அதுக்குத்தான் சிரிக்கிறேன். சன்னதித் தெருவுல கத்திரிக்கா வாங்கறப்ப காம்பைக் கூட வுடாம திருப்பித் திருப்பிப் பாக்குற பய நீ. சோபாவை மட்டும் போன்ல படத்தைப் பாத்து வாங்கிட்ட. படத்து ஓரத்துல ஒரு பச்ச எலை வரைஞ்சிருந்தானா? ஆங், அதான். அந்த எலைக்குத்தான் உன் துட்டு போச்சு.

இன்னொரு சீட்டுல "விக்கர்"னு இருந்திருக்கும், பாத்திருப்ப. அது பொருளே இல்ல, பின்னுற தினுசு. பிரம்பைப் பின்னலாம், கோரையைப் பின்னலாம், காகிதத்தையும் பின்னலாம். அமெரிக்காவுல லாய்டுன்னு ஒருத்தர் 1917-ல அப்படித்தான் காகிதத்தை முறுக்கி, உள்ள கம்பி வச்சிப் பின்னி நாற்காலி போட்டார். சீமை பூரா வித்துச்சு. ஆக, "விக்கர்"னு எழுதியிருந்தா பின்னியிருக்குன்னு அர்த்தம். எதால பின்னியிருக்குன்னு நீதான் கேக்கணும்.

நெசப் பிரம்பை எப்படிக் கண்டுபுடிக்கறதுன்னு கேக்குறியா? நாற்காலியைத் தலைகீழாக் கவுத்துப் போடு. கடைக்காரன் மொறைப்பான். மொறைக்கட்டும். கால் அடியில வெட்டு வாய் தெரியும். மூங்கில்னா நடுவுல ஓட்டை. பிரம்புன்னா கெட்டி, ஆனா வெட்டு வாய் பூரா ஊசி குத்துன மாதிரி பொடிப் பொடித் துளை. அது செடி தண்ணி ஏத்துன குழாய். அப்புறம் கணு இருக்கும். நெறம் ஓரெடத்துல வெளுத்து, ஓரெடத்துல கறுத்து இருக்கும். ரெண்டு கை, ரெண்டு கால் எதுவும் அச்சுல வார்த்த கணக்கா ஒண்ணாவே இருக்காது. அதைப் பாத்து "ஃபினிஷிங் சரியில்ல"ங்கறான் உன் சிநேகிதன். அடேய், அதுதானடா பிரம்பு!

சரி, இந்தப் பிரம்பு மரமா, கொடியா, புல்லா? நாலு பேரைக் கேட்டுப் பாத்தேன். மூணு பேரு மூங்கிலோட தம்பின்னான். மூங்கில் புல்லு சாதி. பிரம்பு பனை சாதி. நம்ம தென்னைக்கும் பனைக்கும் பங்காளி. முழிக்காத, நெசந்தான். தென்னை தன் கால்ல தானே நிக்கும். பிரம்புக்கு அந்த முறுக்கு கெடையாது, பக்கத்து மரத்தைப் புடிச்சிக்கினு மேல போவும். தண்டைச் சுத்தியிருக்கற உறை பூரா முள்ளு. அந்த உறையிலேர்ந்தோ, இல்லாட்டி எலை நுனியிலேர்ந்தோ, நீளமா ஒரு சாட்டை கெளம்பும். அதுல பின்பக்கமா வளைஞ்ச கொக்கி கொக்கியா இருக்கும். காத்தடிச்சா சாட்டை ஆடும், ஒரு கெளையில மாட்டும். மாட்டுனா மாட்டுனதுதான். நம்ம ஊரு புலிக்கால் முனிவர் கதை தெரியுமில்ல? பூப்பறிக்க மரம் ஏறுறப்ப வழுக்கக் கூடாதுன்னு சிவபெருமான்கிட்ட புலிக்காலும் நகமும் கேட்டு வாங்குனாராமே. பிரம்பு யாருகிட்டயும் கேக்கல, தானே நகம் வளத்துக்கிச்சு.

எம்மாம் நீளம் போவும்னு நெனக்கிற? நூறு மீட்டருக்கு மேல போன தண்டையெல்லாம் அளந்து எழுதி வச்சிருக்காங்க. சிதம்பரம் கோபுரம் ரெண்டை மேல மேல வச்சாலும் அதுக்குக் கீழதான் நிக்கும். உலகத்துல சுமார் 600 வகையாம். நம்ம நாட்டுல அறுபது சொச்சம். மேற்கு மலையிலயும், அசாம் அருணாசலம் பக்கமும், அந்தமான்லயும்.

காட்டுச் சாமான்தானேன்னு நெனைக்காத. சமவெளியிலயே நீர்க்கரையில வளர்ற சாதி ஒண்ணு உண்டு. காலமஸ் ரோட்டாங்னு 1753-லயே லின்னேயஸ் பேரு வச்சிட்டுப் போனார். தென்னிந்தியாவும் இலங்கையும் அதுக்குத் தாய்வூடு. அந்த ஆளு பேரு வைக்கறதுக்கு முன்ன நமக்குத் தெரியாதான்னு கேப்ப. நல்லாக் கேட்ட. குறுந்தொகையில ஔவையார் பாட்டு ஒண்ணு இருக்கு. குளத்தங்கரைப் பிரம்புப் பழம் தண்ணியில வுழ, கெண்டை மீனு அதைக் கவ்வுறதைப் பாடியிருக்காங்க. பழத்து மேல வரி இருக்கறதைக் கூட வுடல அந்தம்மா. பிரம்புப் பழத்து மேல செதில் செதிலா இருக்கும், பாத்தவங்களுக்குத்தான் தெரியும். ஈராயிரம் வருசத்துக்கு முன்ன ஒருத்தி கிட்டக்கப் போய்ப் பாத்திருக்கா. நீ போன்ல பாத்த.

"தாத்தா, சுத்த ஆர்கானிக், ரசாயனமே படாதது"ன்னு உங்க வூட்டுப் பொண்ணு சொல்லிக்கினு இருந்துச்சு. நெசப் பிரம்பாவே இருந்தாலும் அது முழுசா நெசமில்ல. காட்டுல வெட்டுனவுடனே பிரம்பு வந்து உன் கால்ல வுழுந்துடாது. கீழ வெட்டுனாலும் மேல கொக்கி வுடாது. நாலு பேரு சேந்து இழுக்கணும். இழுக்கறப்ப காஞ்ச கெளை தலையில வுழும். சில சாதிப் பிரம்போட உறைக்குள்ள எறும்பு குடியிருக்கும், அது வேற. முள் உறையைச் சீவித் தள்ளணும். அப்புறம் பச்சைப் பிரம்பை அப்படியே வச்சா பூஞ்சை புடிச்சி நீலம் பாரிச்சுப் போவும். உள்ள மாவுச்சத்து இருக்கறதால வண்டு தொளைச்சிப் பொடியாக் கொட்டும். அதுக்காக, தடிமனான பிரம்பை எண்ணெயில வேக வைக்கறாங்க. என்ன எண்ணெய்ங்கற? நல்லெண்ணெய் இல்ல. டீசல், மண்ணெண்ணெய் எல்லாந்தான். ஈரமும் மேல இருக்கற பசையும் போவணுமில்ல? நெறம் வெளுக்கணும்னா கந்தகப் புகை வேற போடறது உண்டு. அப்புறம் மேல வார்னிஷ். நீ மூஞ்சியைக் கிட்ட வச்சி "காட்டு வாசனை"ன்னு இழுக்கறியே, அதுல கொஞ்சம் பெட்ரோல் பங்க் வாசனையும் கலந்திருக்கும். இதைச் சொன்னா கோவப்படுறீங்க. உழைச்சி நிக்கணும்னா இதெல்லாம் பண்ணித்தான் ஆவணும். அதை மறைக்கறதுதான் கூத்து.

இதெல்லாம் பாக்கணும்னா எங்கயும் ஓட வேணாம். பாலி தீவுக்கு டிக்கெட் போடாத. நம்ம திருப்பாப்புலியூர்ல ரயிலேறி சிதம்பரம் போ. அங்கேர்ந்து சீர்காழி பஸ்ஸைப் புடி. கொள்ளிடம் பாலத்தைத் தாண்டுனா தைக்கால்னு ஒரு ஊரு. இப்ப மயிலாடுதுறை மாவட்டம். 2020 வரைக்கும் நாகப்பட்டினம் மாவட்டமா இருந்துச்சு. மாவட்டம் மாறுது, பேரு மாறுது, அங்க பின்னுற கை மாறல. ரோட்டோரம் பூரா பிரம்புக் கடை. கூடை ஊஞ்ச தொங்கும், புள்ளைத் தொட்டில் தொங்கும், நாற்காலி, முக்காலி, சாய்வு நாற்காலி எல்லாம் வாசல்லயே அடுக்கியிருக்கும். கோரைப்பாய்க்கும் அந்தப் பக்கம் பேரு போனது. நீ கார்ல அந்த வழியா வேளாங்கண்ணிக்கும் திருக்கடையூருக்கும் எத்தினி வாட்டி போயிருப்ப? கண்ணாடியை எறக்குனியா? ஏசி போயிடுமில்ல!

எறங்கி, அந்த வேலையைக் கொஞ்ச நேரம் நின்னு பாரு. அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமான்னு உன்னை எத்தினி பேரு கேட்டிருப்பாங்க. பிரம்பு வளையும். நெருப்பைக் காட்டத் தெரியணும். தடிமனான பிரம்பை சுடர்ல காட்டுவாங்க. ஒரே எடத்துல வச்சா கருகிடும், வெடிச்சிடும். முன்னயும் பின்னயும் ஆட்டிக்கினே காட்டணும். சூடு ஏறி உள்ள இளகுன நேரம் பாத்து, முட்டுக் குடுத்து ஒரு அமுக்கு அமுக்குவாங்க. அப்படியே ஆறுற வரைக்கும் புடிச்சிக்கணும். ஆறிட்டா அந்த வளைவு போவாது. எவ்ளோ சூடு, எப்ப அமுக்கணும்னு எந்த மீட்டரும் சொல்லாது, கைதான் சொல்லும். ஒரு நொடி முந்துனா முறியும், பிந்துனா கரியும். உங்க ஆபீஸ்ல "ஸ்கில் டெவலப்மெண்ட்"னு ரெண்டு நாள் ஓட்டல்ல சாப்பாடு போட்டு நடத்துறாங்களே, அந்தச் சங்கதிதான் இது. சாப்பாடு மட்டும் இல்ல.

வளைச்ச பிரம்பை ஆணியடிச்சிச் சட்டமாக் கோத்துக்குவாங்க. ஆணி மட்டும் இருந்தா நாள்பட ஆடும். அதுக்காக மூட்டு மூட்டா பிரம்புத் தோலை நனைச்சி இறுக்கிக் கட்டுவாங்க. அந்தத் தோல்ல மண்ணுல இருக்கற சிலிக்கா படிஞ்சிருக்கு, அதான் பளபளன்னு மின்னுது, தேயாம நிக்குது. ஈரத்துல கட்டுனது காயக் காயச் சுருங்கி இறுகும். தோலை உரிச்ச பொறவு நடுவுல மிஞ்சற தண்டையும் வீணாக்க மாட்டாங்க, அதையும் இழைச்சி மெல்லிசு நாராக்கிக் கூடை பின்னலாம். பாத்தியா, குப்பைன்னு எதுவும் வுழாத தொழிலு. இதுக்கு இப்ப "ஜீரோ வேஸ்ட்"னு பேரு வச்சி மெட்ராஸ்ல கருத்தரங்கு போடுறாங்களாம். தைக்கால்காரனைக் கூப்புட்டிருக்க மாட்டாங்க. கூப்புட்டாலும் பிளாஸ்டிக் நாற்காலியிலதான் உக்கார வச்சிருப்பாங்க.

பகட்டு புதுசுன்னு நெனைக்காத தம்பி. அது ரொம்பப் பழசு. 1690-ல இங்கிலீஷ்காரன் நம்ம தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டாக்காரன்கிட்ட வாங்குனான். பீரங்கியில குண்டு போட்டு, அது வுழுந்த தூரம் வரைக்கும் உள்ள ஊரெல்லாம் எனதுன்னான். குண்டு உப்பளவாடின்னு இன்னைக்கும் ஊரு இருக்கே, அந்தக் குண்டுதான். அதே காலத்துல லண்டன்ல பெரிய வூட்டுக்காரன் மத்தியில பிரம்பு நாற்காலி மோகம் தலைக்கேறிக் கெடந்துச்சு. கப்பல்ல கெழக்கேர்ந்து பிரம்பு போயி எறங்குது, மெத்தை தச்ச நாற்காலியை வுட்டுட்டு எல்லாரும் பிரம்புக்கு ஓடுறான். கம்பளித் துணிக்காரங்களுக்கு வயித்தெரிச்சல். எங்க பொழப்பு போச்சுன்னு பார்லிமெண்ட்டுக்கு மனுப் போட்டாங்க. லேசா இருக்கு, தூசு தங்கல, பூச்சி அண்டலன்னு பிரம்புக்காரங்க பதில் மனுப் போட்டாங்க. அவங்க சொன்ன காரணம் எல்லாம் இன்னைக்கும் சரிதான். காத்து போறதை மட்டும் பெருசாச் சொல்லல. அந்தக் குளிர்ல அவனுக்கு எதுக்குக் காத்து? காத்து வேணுங்கறது நமக்கு. நம்ம சித்திரையில மெத்தை சோபாவுல உக்காந்தா முதுகு ஈரமாயிடுது. அவன் மெத்தையை வுட்டுட்டுப் பிரம்புக்கு வந்தான், நாம பிரம்பை வுட்டுட்டு மெத்தைக்குப் போனோம். மெத்தைக்குத் தோதா ஏசியும் போட்டோம். கரண்டு பில்லு வந்தா ரெண்டு நாள் சாப்பாடு எறங்கல.

வியன்னாவுல தோனெட்டுன்னு ஒருத்தர், 1859-ல, மரத்தை நீராவியில வளைச்சி நாற்காலி ஒண்ணு போட்டார். நம்பர் 14. உக்கார்ற எடத்துல பிரம்பு வலை. காபிக்கடை நாற்காலி அது. கழட்டி அடுக்குனா ஒரு மீட்டர் நீளம், அகலம், ஒசரம் உள்ள பெட்டிக்குள்ள 36 நாற்காலி அடங்கிடும். நீ ஆன்லைன்ல வாங்கி ஸ்பேனரை வச்சிக்கினு ராத்திரி பூரா மல்லுக்கட்டுனியே, அதுக்கெல்லாம் அவர்தான் முப்பாட்டன். இப்ப அந்தப் பிரம்பு வலையை எடுத்து பீரோக் கதவுல ஒட்டுறாங்க, டிவி மேசைக் கதவுல ஒட்டுறாங்க, பூசை அலமாரியில ஒட்டுறாங்க. நாற்காலியில மட்டும் இல்ல! உக்கார்ற எடத்துக்குக் காத்து வேணாமாம், பொடவைக்கு வேணுமாம்.

ஆனா இந்த விசயத்துல எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது சண்டிகர் கதையைக் கேட்டுத்தான். 1950-கள்ல அந்த ஊரைப் புதுசாக் கட்டுனாங்க. கட்டுன கொர்புசியேயோட ஒண்ணுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே. சர்க்கார் ஆபீஸ்ல போடுறதுக்குன்னு தேக்குக் கட்டை, பிரம்புப் பின்னல் வச்சி நாற்காலி வரைஞ்சி குடுத்தார். நம்ம ஆளுங்க ஆயிரக்கணக்குல செஞ்சாங்க. குமாஸ்தா உக்காந்தாரு, பியூன் உக்காந்தாரு, மனுக் குடுக்க வந்தவன் காத்துக்கினு கெடந்தான். பின்னல் அறுந்துச்சு. பின்னுறதுக்கு ஆளைக் கூப்புடுவாங்கன்னு பாத்தா, இல்ல. மொட்டை மாடியில குமிச்சாங்க. காயலான் சரக்கு விலைக்கு ஏலம் போட்டாங்க. வெளிநாட்டு யாவாரி வந்து வாரிக்கினு போயிட்டான். அப்புறம் பாரீஸ்லயும் நியூயார்க்லயும் ஏலக்கடையில ஒத்தை நாற்காலி லட்சக்கணக்குல போச்சு. அப்பத்தான் நமக்கு முழிப்பு வந்துச்சு. 2011-ல மத்திய உள்துறை இதையெல்லாம் விக்கக் கூடாது, பாதுகாக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. குதிரை ஓடுன பொறவு லாயத்துக்குப் பூட்டு! இப்ப அந்த நாற்காலிக்கு நகல் போட்டு, "சண்டிகர் சேர்"னு நம்மகிட்டயே திருப்பி விக்கறாங்க. நம்ம ஊரு தாலுக்கா ஆபீஸ்லயும் கோர்ட்டுலயும் பரண்ல பிரம்பு பின்னுன பழைய நாற்காலி கெடக்கும், போய்ப் பாரு. அதை வரைஞ்சது யாருன்னு யாருக்கும் தெரியாது. அதனால ஏலக்கடைக்குப் போவாம தப்பிச்சிக்கினு இருக்கு.

பின்னுற ஆளுன்னு சொன்னேனே. அறுந்த நாற்காலியைப் பின்னுறதுக்குன்னே ஒரு கூட்டம் இருந்துச்சு தம்பி. அதுல நெறைய பேருக்குக் கண் தெரியாது. பார்வையில்லாதவங்க பள்ளிக்கூடத்துல நாற்காலி பின்னத்தான் கத்துக் குடுப்பாங்க. சர்க்கார் ஆபீஸ், ரயில்வேன்னு அந்த வேலையை அவங்களுக்கே குடுத்தாங்க. நீளவாக்குல ஓட்டி, குறுக்கால ஓட்டி, அப்புறம் மூலைக்கு மூலை சாய்வா ரெண்டு பக்கமும் ஓட்டணும். ஒரு எழை மேல போவணும், அடுத்தது கீழ போவணும். எட்டுப் பக்கமா கண்ணு கண்ணா வுழும். விரலாலயே எண்ணி, விரலாலயே இழுத்து, ஒரு கண்ணு கூடத் தப்பாம பின்னுவாங்க. ரெண்டு கண்ணு இருக்கற நீ ஊசியில நூலைக் கோக்க மூணு வாட்டி எச்சில் தொடுற. அப்புறம் பிளாஸ்டிக் வயரு வந்துச்சு, ரெக்சின் வந்துச்சு, சக்கரம் வச்ச நாற்காலி வந்துச்சு. நாற்காலி சுத்துது. ஃபைலு நவுரல. பின்னுறவங்களுக்கு வேலை போச்சு. இதுக்கு யாரும் மனுப் போடல.

பிரம்புன்னதும் ஒரு கூட்டம் வேற மாதிரிக் கண்ணு கலங்கும். "அந்தக் காலத்துல வாத்தியாரு பிரம்பால வெளுத்தாரு, அதான் ஆளானோம்." என் வயசுக்காரனுங்கதான் இப்படி. பூங்காவுல உக்காந்து பேசிக்கினு இருப்பானுங்க. நான் ஒண்ணு கேப்பேன். அடி வாங்குனவன் எல்லாம் ஆளாயிட்டானா? அப்ப நம்ம கூடப் படிச்சவன் பூரா கலெக்டராத்தானே இருக்கணும்? மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸ்ல எடம் பத்துமா? பாண்டியன் பிரம்பை ஓங்கி பிட்டுக்கு மண் சுமந்தவரை அடிச்சான், அடி ஊர் முதுகுலயே வுழுந்துச்சு, அவன் முதுகு உள்பட. அதுலயே புரிஞ்சிருக்க வேணாமா? 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்துல புள்ளைங்களை அடிக்கக் கூடாதுன்னு எழுதுச்சு. நல்லதுதான் பண்ணுச்சு. சிங்கப்பூர்ல இன்னும் சட்டத்துல பிரம்படி இருக்கு, ஒரு தண்டனைக்கு 24 அடி வரைக்கும். 1994-ல கார் மேல பெயிண்ட் அடிச்ச அமெரிக்கப் பையனுக்கு ஆறு அடின்னாங்க. அவங்க ஜனாதிபதியே பரிஞ்சு பேசுனார். நாலாக் கொறைச்சாங்க. ஜனாதிபதி பேச்சுக்கு ரெண்டு அடி விலை! போவட்டும். பிரம்புக்கு முதுகுல வேலை இல்ல, முதுகுக்குக் கீழதான் வேலை. அதுவும் நாற்காலியா.

இப்ப நீ கேப்ப, "மெயின்டனன்ஸ் எப்படி தாத்தா"ன்னு. யூடியூப்ல ஒருத்தி பிரம்பு நாற்காலிக்குன்னு தைலம் விக்கறா. எலுமிச்சை எண்ணெயாம், சுவாசிக்கற மாதிரி தடவணுமாம். நாற்காலி சுவாசிக்கட்டும், நீ முதல்ல ஒழுங்கா சுவாசி. நான் சொல்றதைக் கேளு. தண்ணியில ஊற வைக்காத, வெயில்ல காய வைக்காத. ரெண்டும் இல்லாத தாழ்வாரம்தான் அதுக்கு எடம். ரொம்பக் காஞ்சா வெடிக்கும், அதனால ஏசி காத்து நேரா படுற எடத்துல போடாத. தூசு தங்குனா பழைய பல்லு வெளக்கற பிரஷ்ஷை எடுத்துத் தட்டு. ஈரத்துணியைப் பிழிஞ்சித் தொடை. பின்னல் தொய்ஞ்சி தொட்டில் கட்டிடுச்சின்னா நாற்காலியைக் கவுத்து, அடிப்பக்கம் வெதவெதப்பான தண்ணியில நனைச்ச துணியைப் போட்டு நல்லா ஈரமாக்கி, நெழல்ல காய வுடு. காயக் காய இழுத்துக்கும். அது ஆவற வரைக்கும் மேல உக்காராத. கால் அடியில வெள்ளையா பொடி கொட்டியிருந்தா வண்டு வந்திருக்குன்னு அர்த்தம், அதைத் தனியா எடுத்து வச்சிட்டுப் பின்னுறவங்களைக் கேளு. இவ்ளோதான். இதுக்குப் பேரு மெயின்டனன்ஸ் இல்ல. வூட்டைப் பெருக்கறதுல ஒரு பங்கு.

உன் சிநேகிதன் ஒருத்தன் ஒரே போடா போட்டான். "பிரம்பு வாங்குனா காடு அழியும், அதனாலதான் நான் பிளாஸ்டிக் வாங்குனேன்"னு. கேக்கறப்போ சரியாத்தான் தோணும். கொஞ்சம் யோசி. பிரம்பு ஏறுறதுக்கு மரம் வேணும். மரத்தை வெட்டிப்புட்டா பிரம்பு இல்ல. பிரம்புல காசு பாக்கறவனுக்கு மரம் நிக்கணும், காடு நிக்கணும். ரப்பர் வைக்கறவனுக்கும் பாமாயில் வைக்கறவனுக்கும் காடு இடைஞ்சல். பிரம்பு வெட்டுறவனுக்கு அதுதான் பொழப்பு. அதுக்காக வரைமுறை இல்லாம வெட்டலாமான்னா, கூடாது. தூரு வுட்டுக் கெளைக்கற சாதியை வெட்டுனா திரும்பத் துளிர்க்கும். ஒத்தைத் தண்டு சாதியை வெட்டுனா அதோட தீந்துச்சு. மலேசியா, சுமத்ராவுல வளர்ற நல்ல தடிமனான மானான் பிரம்பு ஒத்தைத் தண்டுதான். நல்லதாப் பொறந்தா இங்க அதான் கதி.

உலகத்துப் பச்சைப் பிரம்புல பெரும்பங்கு இந்தோனேசியாவுலதான் வெளையுது. 2012-லேர்ந்து பச்சைப் பிரம்பை வெளிய அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. நாற்காலியாச் செஞ்சி வேணா தர்றோம், கூலி எங்க ஊருக்கு வரட்டும்னாங்க. கெட்டிக்காரங்க. ஆனா அங்கயும் பிரம்பு வெட்டுறவன் ஒரு பக்கம், நாற்காலி செய்யறவன் ஒரு பக்கம்னு ஓயாத சண்டை. வெளிய விக்கலன்னா வெட்டுறவனுக்கு விலை கெடைக்காதே. நம்ம நாட்டுல 2006 வன உரிமைச் சட்டம், பிரம்பையும் சிறு வனப்பொருள்னு எழுதி, காலங்காலமா காட்டுல இருக்கறவங்களுக்கு எடுத்து விக்கற உரிமையைக் குடுத்திருக்கு. எழுதுனது சட்டம். நடக்கறது, காட்டிலாகா சோதனைச் சாவடியில நிக்கறவருக்குத்தான் தெரியும். இதையெல்லாம் அந்தச் சோபாக் கடையில கேட்டா, பச்ச எலையைத் தொட்டுக் காட்டுவான்.

இன்னொண்ணு சொல்லிடறேன். எல்லாரும் பிரம்பு நாற்காலி வாங்கித்தான் ஆவணும்னு ஒண்ணும் இல்ல. மூட்டு ஒழுங்கா இருக்கற வயசுல தரையில ஒரு கோரைப்பாயை விரிச்சி உக்காந்துட்டா, எதுக்கு நாற்காலி? மூட்டு போனவனுக்கு வேணும். எனக்கு வேணும். உன் பொஞ்சாதி புள்ளைத்தாச்சின்னு கேள்விப்பட்டேன், அந்தப் பொண்ணு சாஞ்சி உக்கார ஒண்ணு வேணும். வர்ற புள்ளைக்கு ஒரு தொட்டில் வேணும். அதுக்குத் துட்டைச் செலவு பண்ணு, நான் கேக்க மாட்டேன்.

அப்படி தைக்காலுக்குப் போனா, சனி ஞாயிறு கூட்டத்துல போவாத, நாள் கெழமை இல்லாத அன்னைக்குப் போ. கடையில இருக்கறதைத்தான் வாங்கணும்னு இல்ல, உன் ஒசரத்துக்கு, உன் கால் நீளத்துக்குச் சொன்னா செஞ்சி குடுப்பாங்க. பிளாஸ்டிக் நாடா சுத்துனதும் அந்தக் கடைங்களுக்குப் பக்கத்துலயே விக்கலாம், கேட்டு வாங்கு. பேரம் பேசு, வேணாங்கல. மால்ல ஒட்டியிருந்த விலையை வாயைத் தொறக்காம குடுத்துட்டு வந்தவன், இங்க வந்து நூறு ரூவாய்க்கு ஒரு மணி நேரம் நிக்காத. பிரம்பு வெளியூர்லேர்ந்து வர்ற சரக்கு, அதுக்கு ஒரு விலை இருக்கு. மிச்சம் இருக்கறது கூலிதான். நீ கொறைக்கறது பூரா அந்தக் கூலியில வுழும்.

வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி நாற்காலியில நல்லா அழுத்தி உக்காந்து, முன்னயும் பின்னயும் ஆடிப் பாரு. கிறீச்சுன்னா கட்டு தளர்ந்திருக்குன்னு அர்த்தம். வெக்கப்படாம சொல்லு. அங்கயே நனைச்ச தோலை எடுத்து இன்னொரு சுத்து சுத்திக் குடுப்பாங்க.